ஏ31 செபிரோவுக்கு எல்எஸ்டி தேர்ந்தெடுத்த அனுபவம்

மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தின் கடைசி வளைவில் என் நிசான் செபிரோவின் இடது பின் டயர் புகைந்த அன்றுதான், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பின் கியர்ப் பெட்டியை இனியும் அப்படியே விட்டுவைக்க முடியாது, அதில் எல்எஸ்டி, அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல், போட வேண்டும் என்று முடிவு செய்தேன். 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடத்தின் பதினைந்தாவது வளைவு, இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளுக்கு நடுவே இடப்பக்கம் திரும்பும் கொண்டையூசி வளைவு. 2016இல் தடத்தைப் புதுப்பித்தபோது அவ்வளைவின் உட்புறத்தை உயர்த்தினார்கள். அதனால் தளம் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கிறது. காரின் எடையும் வழக்கத்தைவிட அதிகமாக வெளிச் சக்கரங்களின் மேல் போய் விழுகிறது. உள் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடுகிறது. அந்த இடத்தில் இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சுழற்சி எகிறியது, இடது பின் டயர் கிறீச்சிட்டது, கார் மட்டும் முன்னேறவில்லை. என் எஞ்சினில் பாதி வலுகூட இல்லாத கார்கள் அந்த நேர்ப்பாதையின் தொடக்கத்தில் என்னைக் கடந்து சென்றன.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏ31 செபிரோ 1988இல் ஜப்பானில் வெளிவந்த நான்கு கதவுப் பின்சக்கர உந்துகைக் கார். நம் நாட்டில் குடும்பக் காராக விற்கப்பட்டு, பின்னர் டிரிஃப்ட் (பின்பக்கத்தை வழுக்கவிட்டு) ஓட்டும் இளைஞர்களின் கைக்குப் போன வண்டி அது. நான் வாங்கும்போதே முந்தைய உரிமையாளர் ஆர்33 ஸ்கைலைனின் ஆர்பி25டிஇடி எஞ்சினையும் அதன் ஐந்து கியர்ப் பெட்டியையும் பொருத்தி, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் எஞ்சின் மாற்றத்தையும் முறையாகப் பதிந்து வைத்திருந்தார். பின் கியர்ப் பெட்டியில் மட்டும் அவர் கைவைக்கவில்லை. செகாம்புட்டில் நான் வழக்கமாகப் போகும் பட்டறையில் அதைத் திறந்து பற்களை எண்ணினோம். கிரவுன் எனும் பெரிய பல்சக்கரத்தில் 37, அதை ஓட்டும் சிறிய பினியனில் 9, அதாவது கடைசி விகிதம் 4.111. கிரவுனின் குறுக்களவு 200 மிமீ. ஆர்200 என்ற பெயருக்கு அதுவே காரணம். பெட்டி நல்ல நிலையில் இருந்தது. உள்ளே இருந்த டிஃபரென்ஷியல் மட்டும் சாதாரண ஓப்பன் வகை.

ஓப்பன் டிஃபரென்ஷியல் பழுதான பொருள் அல்ல. 1827இல் பிரான்சில் ஒனேசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்காகக் காப்புரிமை பெற்ற அதே ஏற்பாடுதான் இன்றும் பெரும்பாலான கார்களில் ஓடுகிறது. வளைவில் வெளிச் சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும், உள் சக்கரம் குறைந்த தூரம் ஓட வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவதே அதன் வேலை. அதற்கு அது கேட்கும் விலை, இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையை மட்டுமே கொடுப்பது. பிடிமானம் குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மற்றதற்கும் கிடைக்கும்.

இதை எண்களில் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. ஆர்33இல் வந்த நிலையில் இந்த எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 294 நியூட்டன் மீட்டர். இரண்டாம் கியர் 1.925, கடைசி விகிதம் 4.111. இரண்டையும் பெருக்கினால், உராய்வு இழப்பை விட்டுவிட்டுப் பார்க்கையில், பின் அச்சுக்கு 2,300 நியூட்டன் மீட்டருக்கு மேல் வருகிறது. உள் சக்கரம் 300 மட்டுமே தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். வெளிச் சக்கரத்துக்கும் 300தான் போகும். மொத்தம் 600. மீதி முழுவதும் அந்த உள் டயரைச் சுழற்றிப் புகையாக்கத்தான் பயன்படும். எஞ்சினில் இன்னும் ஐம்பது குதிரைத்திறன் கூட்டினாலும் அந்த 600 கூடப் போவதில்லை. டர்போவை மாற்றலாமா என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்த நான், அந்தக் கணக்கைப் பார்த்த மாலையே அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

எங்கள் வட்டாரத்தில் இதற்கு முதலில் சொல்லப்படும் தீர்வு வெல்டிங். டிஃபரென்ஷியலின் உள்ளே இருக்கும் சிறு பல்சக்கரங்களான ஸ்பைடர் கியர்களை ஒன்றோடொன்று பற்றவைத்துவிட்டால் இரு சக்கரங்களும் ஒரே அச்சாகிவிடும். ஒரு பிற்பகல் வேலை, செலவும் சொற்பம். டிரிஃப்ட் மட்டும் ஓட்டும் வண்டிக்கு அது போதும் என்று சொல்பவர்களோடு நான் வாதிட மாட்டேன். என் கார் சாலையில் ஓடுகிறது, மழையில் ஓடுகிறது, என் குடும்பத்தாரும் அதில் ஏறுகிறார்கள். பேரங்காடி வாகன நிறுத்துமிடத்தின் சுழல் ஏற்றத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தேய்ந்து துள்ளுவதையும், அச்சுத்தண்டுகள் ஓயாமல் முறுக்கப்படுவதையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பற்றவைத்த இடம் உடைந்து அந்தத் துண்டு கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதையும் ஒரு பட்டறையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெட்டியின் ஓடே பிளந்து கிடந்தது.

ஆகவே முதலில் பழைய விஸ்கஸ் வகை ஒன்றைத் தேடிப் போனேன். நிசான் தன் டர்போ கார்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே பொருத்திய வகை அது என்பதால், பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் ஆர்200 விஸ்கஸ் பெட்டி கிடைப்பது அரிதல்ல. ஒரு கடையில் தவுக்கே (முதலாளி) எடுத்துக் காட்டிய பெட்டி வெளிப்பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. விலையும் கட்டுப்படியானது. வாங்கி வந்து பட்டறையில் பொருத்திய பிறகுதான் சோதித்தோம். அது என் தவறு. பெட்டி கடை மேசையில் இருந்தபோதே சோதித்திருக்க வேண்டும். கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு பின் சக்கரம் தரையில் நிற்க, மற்றொன்றை மட்டும் ஜாக்கியில் உயர்த்தி, முறுக்குக் கருவியால் மெல்லத் திருப்பினால் தேன் பாகைக் கிளறுவது போன்ற சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். இதில் சக்கரம் வெறும் கையாலேயே சுழன்றது. விஸ்கஸ் வகையின் உள்ளே துளையிட்ட மெல்லிய தகடுகள் கெட்டியான சிலிக்கான் எண்ணெயில் மூழ்கியிருக்கும். இரு சக்கரங்களின் வேகம் வேறுபடும்போது அந்த எண்ணெயின் இழுவையே பூட்டும் விசையாகிறது. வெப்பத்தாலும் வயதாலும் எண்ணெய் தன் கெட்டித்தன்மையை இழந்துவிட்டால், அது ஓப்பன் டிஃபரென்ஷியலுக்குச் சமம். உறையோ முத்திரையிட்டது; திறந்து தட்டை மாற்றும் வகையில் செய்யப்பட்டதல்ல. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். அந்தப் பணம் போனது போனதுதான்.

அந்தப் பெட்டி ஒரு பாடத்தையும் கொடுத்தது. அதிலிருந்து கழற்றிய இரு குட்டை அச்சுகளும் ஒரே நீளத்தில் இல்லை. என் ஓப்பன் பெட்டியின் அச்சுகளோடு அவை ஒத்துப்போகவும் இல்லை. ஆர்200 என்ற ஒரே பெயருக்குள், அச்சைப் பிணைக்கும் வட்டத் தகட்டில் ஐந்து போல்ட் ஃபிளாஞ்சும் உண்டு, ஆறு போல்ட் ஃபிளாஞ்சும் உண்டு. கிரவுனைப் பிடிக்கும் போல்ட்டின் தடிமனும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. எல்எஸ்டி வாங்கப் போகிறவர் காரின் பெயரைச் சொல்லி வாங்கக்கூடாது. தன் பெட்டியைத் திறந்து, ஃபிளாஞ்சின் போல்ட்டை எண்ணி, அச்சின் ஸ்பிளைன் பற்களை எண்ணி, கிரவுன் போல்ட்டை வெர்னியரால் அளந்து, அந்த நான்கைந்து எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும். நம் நாட்டில் ஓடும் பழைய நிசான்கள் பல எங்கோ யாரோ மாற்றிக் கட்டியவை என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

அடுத்து எஞ்சியவை ஹெலிக்கல் வகையும் கிளட்ச் பிளேட் வகையும். பல வாரங்கள் எடுத்துக்கொண்டது இந்தத் தேர்வுதான்.

ஹெலிக்கல் வகைக்கு வேர், அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் 1958இல் காப்புரிமை பெற்ற டார்சன். பற்கள் ஒன்றையொன்று அழுத்தும்போது எழும் உராய்வையே அது பயன்படுத்துகிறது. தேயும் பிளேட் கிடையாது, சிறப்பு எண்ணெய் வேண்டாம், சத்தம் இல்லை. ஆறு கியர் சில்வியா எஸ்15 ஸ்பெக் ஆர் காரில் நிசான் கொடுத்ததும் ஹெலிக்கல் வகையே. நண்பர் ஒருவரின் எஸ்15ஐ உலு யாம் சாலையில் ஒரு காலைப்பொழுது ஓட்டிப் பார்த்தேன். முந்தைய இரவு பெய்த மழையில் இலைகள் ஒட்டிக் கிடந்த வளைவுகளில்கூட அது எந்த முரண்டும் பிடிக்கவில்லை. எல்எஸ்டி இருப்பதே தெரியாத அளவுக்கு இயல்பாக வேலை செய்தது. சாலைக்கு மட்டுமே ஓட்டுபவராக இருந்தால் இதற்கு மேல் தேட வேண்டியதில்லை என்பது அன்றும் இன்றும் என் உறுதியான கருத்து.

ஆனால் ஹெலிக்கல் வகை பெருக்கல் கணக்கில் வேலை செய்கிறது. பிடிமானம் குறைந்த சக்கரம் தாங்கும் முறுக்குவிசையைப் போல இத்தனை மடங்கு மற்றதற்குக் கொடுக்கும், அவ்வளவே. அந்த மடங்கை 2.5 என்று கொள்வோம். உள் சக்கரம் 300 தாங்கினால் வெளிச் சக்கரத்துக்கு 750, மொத்தம் 1,050. ஓப்பனின் 600உடன் ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். உள் சக்கரம் 50 மட்டும் தாங்கும் நிலைக்குத் தூக்கப்பட்டால் வெளியே 125, மொத்தம் 175. முழுவதும் காற்றில் நின்றால் பூச்சியத்தின் இரண்டரை மடங்கும் பூச்சியமே.

கிளட்ச் பிளேட் வகையில் இரண்டு விசைகள் கூடுகின்றன. ஒன்று பிரீலோட்: எஞ்சின் இழுக்காதபோதும் பிளேட்டுகளை ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும் நிலையான விசை. மற்றொன்று, எஞ்சின் முறுக்கும்போது நடுவிலுள்ள குறுக்குத் தண்டு பிரஷர் ரிங்கின் சாய்வுகளில் ஏறி, ரிங்குகளை வெளிப்பக்கம் தள்ளிப் பிளேட்டுகளை இறுக்கும் விசை. கணக்குக்காக, பிரீலோட் இரு சக்கரங்களுக்கும் இடையே 80 நியூட்டன் மீட்டர் வேறுபாட்டையும், சாய்வு மொத்த முறுக்குவிசையில் பாதியளவு வேறுபாட்டையும் தாங்குவதாக வைத்தேன். உள் சக்கரம் 300 தாங்கும்போது வெளியே 1,060, மொத்தம் 1,360. உள் சக்கரம் 50க்கு இறங்கும்போது வெளியே 310, மொத்தம் 360. ஹெலிக்கலின் 175ஐப் போல் இரு மடங்கு. பதினைந்தாவது வளைவின் சரிந்த தளத்தில் எனக்கு வேண்டியிருந்தது இந்த வேறுபாடு.

இத்தோடு கிளட்ச் வகை என்று முடிவெடுத்திருந்தால் நான் தவறான பொருளை வாங்கியிருப்பேன். நான் பேசிய பெரும்பாலானோர், மிதித்தாலும் காலை எடுத்தாலும் ஒரே அளவு பூட்டும் 2 வே வகையை எடுக்கச் சொன்னார்கள், சரிபாதிப் பேர் காரணமும் சொன்னார்கள், அக்காரணம் டிரிஃப்ட். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது எல்எஸ்டி என்ன செய்கிறது என்பதையே எல்லாரும் பேசினார்கள். காலை எடுக்கும்போது அது என்ன செய்கிறது என்று கேட்டவர் பட்டறை அண்ணன் ஒருவர்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பின் கியர் வேலை பார்ப்பவர். “தம்பி, நீங்க மழையில கராக் ஹைவேல கெந்திங் செம்பாவிலிருந்து இறங்கி வர்றப்போ வளைவுல கால எடுப்பீங்களா, மாட்டீங்களா? அதுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் எல்எஸ்டி வாங்குங்க” என்றார்.

அந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. காலை எடுத்தால் எஞ்சின் பின் சக்கரங்களைப் பிடித்து இழுக்கிறது. குறுக்குத் தண்டு சாய்வின் மறுபக்கத்தில் ஏறுகிறது. 2 வேயில் இருபக்கச் சாய்வும் ஒரே கோணம் என்பதால், காலை எடுத்தாலும் பிளேட்டுகள் அதே கணக்கில் இறுகும். இரு பின் சக்கரங்களும் ஒரே வேகத்தில் ஓட முயன்று காரை நேராகத் தள்ளும். மூக்கு வளைவுக்குள் வர மறுக்கும். 1 வேயில் மறுபக்கம் சாய்வே இல்லை. காலை எடுத்தால் பிரீலோட் தவிர அது கிட்டத்தட்ட ஓப்பன்தான். 1.5 வேயில் மறுபக்கச் சாய்வு குறைந்த அழுத்தம் தருமாறு வெட்டப்பட்டிருக்கும். நேர்ப்பாதையின் முடிவில் கடுமையாக பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் ஆடாமல் இருக்கச் சிறிதளவு பூட்டு உதவுகிறது. வளைவின் நடுவே காலை எடுக்கும்போது பெரிய பூட்டு இடையூறு. 1.5 வே இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது.

மழையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். எல்எஸ்டி போட்டால் மழையில் கார் பாதுகாப்பாகிவிடும் என்ற நம்பிக்கை சரியல்ல. ஓப்பன் டிஃபரென்ஷியலில் ஈரத்தில் அளவுக்கு மீறி மிதித்தால் உள் டயர் மட்டும் வீணாகச் சுழலும். வெளி டயர் சுழலாமல் தரையைப் பிடித்துக்கொண்டு, காரின் பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்காமல் காப்பாற்றும். நன்றாகப் பூட்டும் எல்எஸ்டியில் இரண்டும் சேர்ந்தே சுழல ஆரம்பிக்கும். அப்போது பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள ஒரு டயரும் மிஞ்சாது. கோலாலம்பூரில் மாலை நான்கு மணிக்கு மேல் கொட்டும் இடிமழையில், எண்ணெய் படிந்த சாலைச் சந்திப்பில் திரும்பும்போது, முன்னே போவதற்கான பிடிமானம் கூடியிருந்தாலும் தவறு செய்வதற்கான இடைவெளி குறைந்திருக்கும். பிரீலோட் கூடக் கூட அந்த இடைவெளி இன்னும் சுருங்கும். ஆகவே எனக்கு வேண்டியது 1.5 வே, குறைந்த பிரீலோட், குறைந்த எண்ணிக்கையில் உரசும் பிளேட் முகங்கள் என்று தாளில் எழுதி முடித்தேன்.

கஸ்கோ, காஸ், ஓஎஸ் கிக்கன், நிஸ்மோ எனப் பல ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் ஆர்200க்குக் கிளட்ச் வகை எல்எஸ்டி செய்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றைப் புதிதாகவே வாங்கினேன். ஒருமுறை பழையதை வாங்கி ஏமாந்த பிறகு இன்னொருமுறை அதைச் செய்ய மனமில்லை. நான்காயிரம் மலேசிய வெள்ளிக்கு மேல் ஆனது. சாய்வுகளின் இரண்டு வெட்டுகளும் ஒரே பிரஷர் ரிங்கில் இருந்ததால், குறுக்குத் தண்டை எந்த வெட்டில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து 1.5 வேயாகவோ 2 வேயாகவோ கட்டலாம். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பொருத்திவிடாமல், மேசைமேல் சுத்தமான துணியை விரித்து அதை முழுவதும் பிரித்தோம். உள்ளே இருவகைப் பிளேட்டுகள் இருந்தன. வெளி விளிம்பில் காது உள்ளவை கூட்டுடன் சுழல்பவை. உள் விளிம்பில் பல் உள்ளவை அச்சுடன் சுழல்பவை. அவற்றை ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினால் எல்லா முகங்களும் உரசும். ஒரே வகையை இரண்டிரண்டாகச் சேர்த்து அடுக்கினால், அடுத்தடுத்த இரு பிளேட்டுகள் ஒன்றாகவே சுழல்வதால், உரசும் முகங்கள் ஏறக்குறையப் பாதியாகும். நாங்கள் இரண்டாவது முறையில் அடுக்கினோம். ஒவ்வொரு பிளேட்டையும் எல்எஸ்டி எண்ணெயில் தோய்த்தே வைத்தோம். உலர்ந்த பிளேட் முதல் சுழற்சியிலேயே கீறல் விழும்.

என் கிரவுனையும் பினியனையும் மாற்றவில்லை. தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசிப் பழக்கப்பட்ட இணை அது. ஒன்றை மட்டும் மாற்றுவது கூடாது. பினியனைத் தொடாததால் அதன் ஆழமும் அப்படியே இருந்தது. புதிய எல்எஸ்டியின் இருபுறமும் புதிய பேரிங்குகளை பிரஸ்ஸில் ஏற்றி, கிரவுனைப் பொருத்தி, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறுகச் சிறுக இறுக்கி, பெட்டிக்குள் இறக்கினோம். பிறகு டயல் கேஜின் முனையைக் கிரவுன் பல்லின்மேல் செங்குத்தாக நிறுத்தி, பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு, கிரவுனை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டினார் அண்ணன். பற்களுக்கு இடையிலான தளர்வை முள் 0.22 மிமீ என்று காட்டியது. சேவைக் கையேடு கேட்பது 0.10 முதல் 0.15 மிமீ வரை.

அப்படியே விட்டிருந்தால் கார் ஓடியிருக்கும். ஆனால் காலை எடுத்து மீண்டும் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்று அடித்து, நாளடைவில் பல்லின் நுனி பெயர்ந்திருக்கும். மீண்டும் வெளியே எடுத்தோம். கிரவுன் பினியனைவிட்டுச் சற்று விலகி உட்கார்ந்திருந்தது. புதிய எல்எஸ்டியில் கிரவுன் அமரும் முகம் பழையதைவிட நூலிழை அளவு தள்ளியிருந்ததே காரணம். ஒரு பக்கத்து ஷிம்மில் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையத்தில்) 0.12 மிமீ குறைத்து, அதே அளவை மறுபக்கத்தில் கூட்டினோம். ஒரு பக்கம் எடுத்ததை மறுபக்கம் சேர்க்காவிட்டால் பேரிங்கின் இறுக்கம் கெட்டுவிடும். இரண்டாம் முறை முள் 0.13இல் நின்றது. கிரவுனைச் சுற்றிலும் நான்கு இடங்களில் அளந்து, எங்கும் அதே அளவு வருகிறதா என்று உறுதிசெய்துகொண்டோம்.

அதன் பிறகும் அண்ணன் மூடியைப் போட விடவில்லை. மஞ்சள் நிறச் சாயப் பசையை ஒரு சிறு தூரிகையால் ஐந்தாறு பற்களின் இருமுகத்திலும் மெல்லிதாகப் பூசினார். ஒரு மரக்கட்டையால் கிரவுனை எதிர்த்து அழுத்திக்கொண்டு, பினியனைக் கையால் இருதிசையிலும் சுற்றினார். பற்கள் மோதிய இடத்தில் பசை விலகி, பளபளக்கும் முட்டை வடிவத் தடம் தெரிந்தது. அத்தடம் பல்லின் நுனியிலும் இல்லை, அடியிலும் இல்லை. நடுவே, உட்பக்கம் சற்றே சாய்ந்து இருந்தது. கைவிளக்கைப் பல பக்கங்களிலிருந்தும் பிடித்துப் பார்த்த பிறகே, “இது பேசாது” என்றார். சத்தம் போடாது என்பதே பொருள். ஆயில் சீல்களையும் புதிதாகவே போட்டோம். பழைய சீலை மீண்டும் பயன்படுத்தி மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் இது அல்ல.

காரில் ஏற்றுவதற்கு முன்பு ஒரு பக்கத்து அச்சைப் பிடித்து மற்றதைத் திருப்ப எவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்று அளந்து எழுதி வைத்தோம்: 55 நியூட்டன் மீட்டர். எதிர்காலத்தில் பிளேட் தேய்ந்திருக்கிறதா என்பதை இந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் அறிய முடியும் என்பதால், பெட்டியின் ஓட்டின்மேலும் பெயிண்ட் பேனாவால் தேதியோடு எழுதினேன். எண்ணெய் ஜிஎல்-5 தரமும் எல்எஸ்டிக்கான உராய்வுக் கலவையும் உள்ளது. மேல் துளை வழியே வழியும் வரை ஊற்றினோம்.

பழக்கும் ஓட்டத்தை ஒரு ஞாயிறு காலையில், ஆளில்லாத தொழிற்பேட்டைத் திடலில் செய்தேன். முதல் கியரில், எஞ்சினை ஏறக்குறையச் சும்மா ஓடும் வேகத்திலேயே வைத்து, எட்டு வடிவத்தில் அரை மணி நேரம். தொடக்கத்தில் பின்னாலிருந்து ‘கட கட’ என்று கேட்டது. உலோகப் பிளேட்டுகள் ஒட்டி விடுபடும் ஓசை. அதைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை. ஓரிரு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட்டேன். அரை மணி நேர முடிவில் அந்த ஓசை பாதியாகக் குறைந்திருந்தது. உடனே பட்டறைக்குத் திரும்பி, சூடாக இருக்கும்போதே எண்ணெயை வடித்தோம். தேன் நிறத்தில் ஊற்றிய எண்ணெய் ஈயப் பொடி கலந்ததுபோல் சாம்பல் நிறத்தில் வந்தது. வடிகால் போல்ட்டின் காந்த முனையில் மெல்லிய சேறுபோல் உலோகத் தூள் ஒட்டியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தோம். நைசாக இருந்தது, துணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. துணுக்கு தட்டுப்பட்டிருந்தால் மறுபடியும் பிரித்திருப்போம்.

சாலையில் முதல் ஒரு மாதம் மழை நாட்களை வேண்டுமென்றே தேடி ஓட்டினேன். கராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பாவிலிருந்து கோம்பாக் நோக்கி இறங்கும் ஈர வளைவில், மூன்றாம் கியரில் சீராகக் காலை எடுத்தேன். மூக்கு விலகவில்லை, முன்பு ஓப்பனில் இருந்ததைவிடப் பின்பக்கம் சிறிது கனமாக அமர்ந்தது போன்ற உணர்வு, அவ்வளவே. வாகன நிறுத்துமிட ஏற்றத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும்போது மட்டும் ‘கட’ என்ற ஓசை இன்றும் உண்டு. என் மனைவி முதலில் ஏதோ உடைந்துவிட்டதென்று நினைத்தார், இப்போது பழகிவிட்டது. ஈரச் சந்திப்புகளில் மிதிப்பதில் முன்பைவிடக் கவனமாக இருக்கிறேன்; பின்பக்கம் விலகத் தொடங்கினால் இரு டயரும் சேர்ந்தே விலகும் என்பது கால் விரலுக்கே நினைவிருக்கிறது.

செப்பாங்குக்கு மீண்டும் போனபோது அதே டயர், அதே காற்றழுத்தம். பதினைந்தாவது வளைவில் மிதித்ததும் இடது டயர் ஒரு கணம் முனகியது, உடனே வலது பக்கம் பற்றிக்கொண்டது, கார் நேர்ப்பாதைக்குள் பாய்ந்தது. ஒன்பதாவது வளைவின் ஏற்றத்திலும் இரண்டாம் கியரைத் தயங்காமல் பயன்படுத்த முடிந்தது. இரண்டாவது வளைவில்தான் ஒரு குறை தெரிந்தது. முதல் வளைவின் நீண்ட வலப்பக்கத் திருப்பத்திலிருந்து பிரேக்கில் கால் இருக்கும்போதே இடப்பக்கம் மாற வேண்டிய இடம் அது. அங்கே மூக்கு சிறிது தாமதித்தது. 2 வேயாகக் கட்டியிருந்தால் அந்தத் தாமதம் இன்னும் கூடியிருக்கும். முன் சக்கரங்களின் டோ அளவை (சக்கரங்கள் உட்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவை) சற்று மாற்றியதில் பாதி சரியானது. மீதியை என் பிரேக் பழக்கத்தால் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

3,000 கிலோமீட்டரில் இரண்டாவது முறை எண்ணெய் மாற்றினோம். இம்முறை எண்ணெய் கருமையாக வந்தாலும் சாம்பல் நிறம் இல்லை. ஒரு சக்கரத்தை உயர்த்தி மீண்டும் அளந்தபோது 48 வந்தது. பிளேட் பழகி உட்கார்ந்ததால் ஏற்பட்ட இறக்கம் என்றார் அண்ணன். 55க்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் தேதியோடு எழுதிவிட்டேன். 30க்குக் கீழே போனால் பெட்டியை இறக்கி, பிளேட் தடிமனை அளந்து, தேவையானால் தடித்த பிளேட் போட்டு இறுக்கத்தை மீட்பதாக இருக்கிறோம்.